இருபத்தைந்து பேர் வேண்டும்

எச்.ஐ.வி.க்குக் கத்தரி ஊசி வந்த அன்று எங்கள் மையத்தில் கேசரி கிண்டினார்கள். நெய் குறைச்சல்தான். இருந்தாலும் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சாப்பிட்டோம். வாழ்நாள் முழுக்க ஒரே கிருமியோடு மாரடித்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட நாள் என்று வெளியாட்களிடம் சொன்னால் புரியாது. என் பெயர் ரெஜினா. சொந்த ஊர் தூத்துக்குடி. திருச்செங்கோட்டு மரபணு ஆய்வுக்கூடத்தில் ரத்தத்தைப் பார்த்து, உள்ளே இருக்கும் கிருமி எந்த வகை, எந்த ஊர், யாருக்குச் சொந்தம் என்று சொல்வது என் வேலை. வாய் கொஞ்சம் நீளம் என்று ஊருக்கே தெரியும்.

ஊசியின் சங்கதி இதுதான். இந்தக் கிருமி உடம்புக்குள் நுழைந்ததும் நம் மரபணுவுக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்ளும். மாத்திரை அதைத் தூங்க வைக்கும், அவ்வளவுதான். கத்தரி ஊசியோ அது ஒளிந்திருக்கும் இடத்தைத் தேடிப்போய் வெட்டி எறிந்துவிடும். ஒரே ஊசி, ஆள் நல்லாகிவிடுவார். ஆனால் எந்த எழுத்தில் வெட்ட வேண்டும் என்று கத்தரிக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுக்க வேண்டும். அங்கேதான் வந்தது வினை. எச்.ஐ.வி. என்று ஒரே பெயரில் கூப்பிட்டாலும் அது ஒரே கிருமி கிடையாது. ஊருக்கு ஊர், தேசத்துக்குத் தேசம் எழுத்து மாறும்.

நம் நாட்டில் இருப்பது பெரும்பாலும் சி வகை. அதனால் முதல் கத்தரி அதற்குத்தான் வந்தது. இரண்டே வருடத்தில் எங்கள் வராந்தா காலியாகிவிட்டது. ஊரில் அந்த வியாதியின் பயமே போய்விட்டது. டீக்கடையில் கூட, “அதுக்கென்னங்க, ஒரு ஊசி போட்டா முடிஞ்சுது” என்று பேச ஆரம்பித்தார்கள். ஒரு காலத்தில் அந்தப் பெயரைச் சொன்னாலே டம்ளரைத் தனியாக வைத்த அதே கடைதான்.

தாரணி மட்டும் வந்துகொண்டே இருந்தாள்.

தாரணிக்கு நாற்பது வயது. இரண்டு ரிக் வண்டிகளின் முதலாளி. ரிக் என்றால் ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரி. இந்த ஊர் ரிக் வண்டி போகாத தேசம் இல்லை. அவள் கணவர் பூபாலன் வண்டியைக் கப்பலேற்றி டான்சானியா வரை போனவர். அங்கிருந்து திரும்பி நாகாலாந்திலும் மணிப்பூரிலும் வருடக்கணக்கில் துளை போட்டார். கிருமியை வீட்டுக்குக் கொண்டு வந்தவரும் அவர்தான். ராய்ப்பூர் பக்கம் வண்டி கவிழ்ந்து அவர் போன பிறகு, தாரணி அழுது முடித்த கையோடு சாவியை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். மேனேஜர் வையாபுரியையும் பதினாறு ஆட்களையும் வைத்து வண்டியை ஓட்டினாள். அந்தப் பதினாறு பேரில் ஒருவனுக்கு அவள் ஆஸ்பத்திரிச் செலவு பார்த்திருப்பாள், இன்னொருவனின் தங்கை கல்யாணத்தில் முன்னால் நின்றிருப்பாள். எல்லோருக்கும் அவள் அக்கா.

“மேடம், எனக்கு மட்டும் ஏனுங்க ஊசி வரலை?” என்று அன்று வந்து உட்கார்ந்தாள்.

“உனக்கு இருக்கிறது சி இல்லம்மா.”

“அப்ப என்னங்க?”

“கூட்டம் கூட்டமா பிரிஞ்சிருக்கு. இங்க சி. கிழக்கு ஆப்பிரிக்காவுல ஏ. மணிப்பூர் பக்கம் போனா பியும் சியும் கலந்தது.”

“எங்க சனத்துக்குள்ள குலம் குலமாக் கூட்டம்னு இருக்குதே, அது மாதிரிங்களா?”

“அதே மாதிரிதான்னு வச்சுக்க. ஒரே ஆள் உடம்புக்குள்ள ரெண்டு கூட்டம் வந்து சேர்ந்தா, ரெண்டும் சம்பந்தம் பண்ணிப் புதுசா ஒண்ணப் பெத்துப் போட்டுரும். உங்க வண்டி ஆப்பிரிக்காவுக்கும் போச்சு, நாகாலாந்துக்கும் போச்சு. யாரோ ஒருத்தர் உடம்புல அதுங்க சந்திச்சிருக்கு. அங்க பொறந்ததுதான் உன்கிட்ட இருக்கு.”

தாரணி சிரித்துவிட்டாள். “அட கெரகமே, ரிக் வண்டியில பொறந்த புள்ளைன்னு சொல்லுங்க.” பிறகு, “எங்கூட்டுக்காரர் உடம்புலயா, வையாபுரியண்ணன் உடம்புலயாங்க?” என்று கேட்டாள். வையாபுரிக்கும் அதே கிருமி என்பது அவளுக்குத் தெரியும். இருவரும் மாதாமாதம் ஒன்றாகத்தான் மாத்திரை வாங்க வருவார்கள்.

“தெரிஞ்சு என்ன பண்ணப் போற?”

“அதுவும் செரிதானுங்க” என்று விட்டுவிட்டாள்.

அப்புறம்தான் நான் விதியைச் சொன்னேன். கத்தரி ஊசிக்கு அனுமதி தரும் தேசியக் குழுவின் விதி. ஒரு வகைக்குக் கத்தரி செய்ய வேண்டுமென்றால், அந்த வகை இருக்கும் ஆட்கள் இருபத்தைந்து பேராவது பதிவில் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் ஊசி பத்திரமானதா என்று சோதித்துப் பார்க்கவே ஆள் பத்தாது என்பது அவர்கள் வாதம். அதில் தப்பு கண்டுபிடிக்க நானும் எவ்வளவோ முட்டி மோதிப் பார்த்துவிட்டேன், முடியவில்லை. தாரணியின் வகையில் நாடு முழுக்க ஒன்பது பேர்தான் இருந்தார்கள்.

தாரணி இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“நாங்க யாருக்கும் பரப்பலைங்க மேடம்” என்றாள். “அவர் போனப்ப எனக்கு முப்பத்தி நாலு வயசு. கண்ணாலம் கேட்டு எத்தனை பேர் வந்தாங்கன்னு உங்களுக்கே தெரியும். ஒருத்தனுக்கும் இந்தக் கருமத்தைக் குடுக்கக் கூடாதுன்னு திருப்பி அனுப்பிச்சேன். வையாபுரியண்ணன் கண்ணாலமே பண்ணிக்கலை. ஒழுக்கமா இருந்ததுக்கு இது கூலிங்களா? ஊரெல்லாம் பரப்பியுட்டிருந்தா இன்னேரம் ஊசி வந்திருக்குமுங்களா?”

வந்திருக்கும். அதுதான் உண்மை. தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினேன்.

இதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. மாத்திரை இருக்கிறதே, வழக்கம்போல் முழுங்கிக்கொண்டு காலத்தைத் தள்ளலாம். ஆனால் சி வகைக்காரர்கள் எல்லாம் குணமானதும் மாத்திரை வாங்க ஆளில்லை. தாரணிக்குப் பழைய மாத்திரைகள் வேலை செய்வதை நிறுத்தி நாளாயிற்று. பாக்கியிருந்த ஒரே மாத்திரையைச் செய்துகொண்டிருந்த கம்பெனியும் வரும் சித்திரையோடு கடையைச் சாத்தப் போவதாக அறிவித்துவிட்டது. குழு ஒரு வகையை ஏற்றுக்கொண்டால் மட்டும் அந்த வகைக்காரர்களுக்கு அரசாங்கமே மாத்திரை செய்து தரும், கத்தரி தயாராகும் வரை. அது தயாராக மூன்று வருடமாவது ஆகும். இதையெல்லாம் தாரணியிடம் ஒளிக்காமல் சொன்னேன்.

“அப்ப இருவத்தஞ்சு பேர் இருந்தா நான் பொழச்சுக்குவேன். இல்லாட்டிச் சித்திரையோட செரி” என்றாள். நான் சொல்ல இழுத்துக்கொண்டிருந்ததை அவள் ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டாள்.

டெல்லிக்குப் போன் போட்டுக் கத்தினேன். குழுவில் என்னோடு படித்த ஒருவர் இருந்தார். “ரெஜினா, கோபப்பட்டு என்ன பண்றது? இந்த மாதிரி சின்னச் சின்னக் கிளை நாட்டுல இருநூறுக்கு மேல இருக்கு. எல்லாத்துலயும் ஒரு தாரணி இருக்கா” என்றார். நல்ல மனுஷன்தான். அதனால்தான் அன்றைக்கு அவரை இன்னும் அதிகமாகத் திட்டினேன்.

எனக்கு ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. பூபாலனோடு அந்தந்தத் தேசங்களில் சுற்றிய ஆட்களில் யாருக்காவது இருக்கலாம், சொல்லாமல் இருக்கலாம். ரிக் ஆட்களைச் சோதித்துப் பார்க்கலாம் என்று தாரணியிடம் சொன்னதும் அவள் முகம் சுருங்கிவிட்டது. “என்ற வாயால எப்படிங்க கேப்பேன்? உனக்கு அந்த வியாதி இருக்குதாடான்னு?”

கூட வந்திருந்த வையாபுரிதான், “நீ சும்மாயிரு அம்மணி, நான் பாத்துக்கறேன்” என்றார். வையாபுரிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். டீசல் வாடை போகாத கை. பேச்சு குறைவு. பதினாறு பேருக்கும் அவர் சொன்னால் சொன்னதுதான். வீட்டிலேயே விரலில் குத்தி ஒரு அட்டையில் சொட்டு ரத்தம் விட்டுக் காயவைத்துத் தரும் பெட்டிகள் எங்களிடம் உண்டு. ஆள் கூச்சப்படாமல் இருக்கட்டும் என்று பதினாறு பெட்டிகளைக் கொடுத்தனுப்பினேன். ஒரு வாரத்தில் பதினாறு அட்டையும் திரும்பி வந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு பெயரோடு.

பதினாறிலும் கிருமி இருந்தது. அத்தனையும் தாரணியின் வகை.

ஒன்பதும் பதினாறும் இருபத்தைந்து! நாற்காலியை விட்டு எழுந்து ஒரு சுற்றுச் சுற்றியே விட்டேன் என்றால் நம்புவீர்களா? கர்த்தரே என்று கத்தினதில் பக்கத்து அறைப் பெண் ஓடி வந்தாள். அப்புறம் உட்கார்ந்து எழுத்துகளை வரிசையாக ஒப்பிட்டுப் பார்த்தேன். முதல் அட்டைக்கும் இரண்டாவதுக்கும் ஓர் எழுத்துக்கூட வித்தியாசம் இல்லை. மூன்றாவதும் அப்படியே. பதினாறும் அப்படியே. பதிவில் ஏற்கெனவே இருக்கும் வையாபுரியின் கிருமியோடு எல்லாம் அச்சு அசலாகப் பொருந்தின. கம்ப்யூட்டர் அதைவிட வேகமாகக் கண்டுபிடித்து, பதினாறையும் ஒரே ஆள் என்று தள்ளிவிட்டது. இன்னொரு முறை இப்படி நடந்தால் இந்தக் கிளையே பதிவிலிருந்து நீக்கப்படும் என்று ஓர் எச்சரிக்கை வேறு.

வையாபுரியை வரச் சொன்னேன்.

“பதினாறு பேருக்கும் நீங்களே ரத்தம் குடுத்தீங்களா?”

“ஆமாங்க” என்றார் சாதாரணமாக. விரல்களைக் காட்டினார். பத்து விரலும் பொத்தல். “ஏனுங்க, பத்தலீங்களா?”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அட்டைகளை அவர் முன்னால் தூக்கிப் போட்டேன். “யாருய்யா இப்படிச் செய்யச் சொன்னது?”

“எப்பவும் இப்படித்தானுங்களே” என்றார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. “வெளிநாடு போறப்ப மெடிக்கல் கேப்பாங்க. வண்டியில எவன் ரத்தம் சுத்தமோ அவனே எல்லாத்துக்கும் குடுத்துருவான். ஏஜெண்டே அப்படித்தான் சொல்லுவான். ஒருத்தன் மெடிக்கல்ல நின்னுட்டா வண்டியே நின்னுருமுங்க, அத்தனை குடும்பமும் நடுத்தெருவுல. வண்டிக்கு ஒரு ரத்தம். பயலுகளுக்கு வியாதி இல்லீங்க, கேட்டுப் பாத்துட்டேன். அதான் நம்ம வழக்கப்படி பண்ணிட்டேன். அப்பல்லாம் நல்ல ரத்தம் கேட்டீங்க, இப்பக் கெட்ட ரத்தம் கேக்கறீங்க, அவ்வளவுதானேன்னு நெனச்சேன்.”

“அவ்வளவுதான் இல்லய்யா!” மேஜையைத் தட்டினேன். “இந்தக் கிருமி ஒரு உடம்புலருந்து இன்னொரு உடம்புக்குப் போனா அப்படியே இருக்காது. நாளுக்கு நாள் மாறும். ரெண்டு பேர்கிட்ட ஒரே மாதிரி இருக்கவே இருக்காது. அண்ணன் தம்பி மாதிரி சாடை இருக்கும், ஆனா மூஞ்சி வேற வேற. நீங்க பதினாறு அட்டையிலயும் ஒரே மூஞ்சிய ஒட்டி அனுப்பியிருக்கீங்க. கம்ப்யூட்டர் என்ன இளிச்சவாயா?”

அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக, “அப்ப அவனவன் ஒடம்புல இருந்தாத்தான் மூஞ்சி மாறுமுங்களா?”

“ஆமா.”

“மாறறதுக்கு வருசக்கணக்கா ஆகுமுங்களா?”

“கொஞ்ச மாசம் போதும். அந்த வேகத்துல எழுத்துப் பிழை விடுற சனியன் அது. அதனாலதானே இத்தனை வகை, இத்தனை பாடு.”

“செரிங்க” என்று கும்பிட்டுவிட்டுப் போனார். பாடம் எடுத்த திருப்தியில் நானும் காப்பி குடிக்கப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு எல்லாக் கதவும் சாத்திக்கொண்டது. அசாமில் ஒருவர் புதிதாக அகப்படுவார் என்று காத்திருந்தோம், அவருக்கு இருந்தது வேறு வகை. ஆப்பிரிக்காவில் நிச்சயம் பத்துப் பேராவது இருப்பார்கள், ஆனால் அந்த ஊர்ப் பதிவு நம் கணக்கில் சேராது. கம்பெனி இப்போதே சரக்கைக் குறைத்ததில், தைக்குள் தாரணிக்கு மாத்திரையின் பிடி தளர ஆரம்பித்தது. வாயெல்லாம் புண். கன்னம் ஒட்டிப்போய், வளையல் முழங்கை வரை ஏறியது. “மேடம், வண்டி ரெண்டையும் வையாபுரியண்ணன் பேருக்கு எழுதி வெச்சிரலாம்னு பாக்கறேன்” என்றாள் ஒரு நாள். பைத்தியக்காரி மாதிரிப் பேசாதே என்று அதட்டினேன். அதட்டினால் நோய் போய்விடுமா என்ன?

மாசியில் ஒரு திங்கட்கிழமை ரிக் லாரி ஒன்று மையத்தின் வாசலில் வந்து நின்றது. வையாபுரியும் பதினாறு பேரும் இறங்கினார்கள். கும்பலாக வந்து, செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

“இந்தத் தடவ உங்க கண்ணு முன்னாலயே எடுத்துக்கங்க மேடம்” என்றார் வையாபுரி. “அப்பப் பயலுக வெக்கப்பட்டுட்டுச் சொல்லாம இருந்துட்டானுங்க.”

நான் நம்பினேன். நம்ப ஆசையாக இருந்தது. ஒவ்வொருவர் கையிலிருந்தும் நானே ரத்தம் எடுத்தேன். வரிசையில் கடைசியாக நின்றவன் சபரிவாசன். இருபத்தாறு வயது. ஊசியைப் பார்க்க மாட்டேன் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். மற்றவர்கள் அவனைக் கிண்டல் பண்ணிச் சிரித்தார்கள்.

நான்கு நாளில் முடிவு வந்தது. பதினாறு பேருக்கும் இருந்தது. பதினாறும் வேறு வேறு மூஞ்சி. கம்ப்யூட்டர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டு இருபத்தைந்து என்று காட்டியது.

ஆனால் எனக்குக் கம்ப்யூட்டர் கேட்காத கேள்வி ஒன்று கேட்கத் தெரியும். கிருமி ஒருவர் உடம்பில் வருடக்கணக்காக இருந்தால் உள்ளுக்குள்ளேயே ஆயிரம் கிளை விட்டிருக்கும். இந்தப் பதினாறு பேரிடமும் கிளையே இல்லை, அப்போதுதான் முளைத்த செடி மாதிரி. வந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. குடும்ப மரம் வரைந்து பார்த்தேன். பதினாறு கோடும் ஒரே ஆளிடமிருந்து புறப்பட்டன. அந்த ஆள் வையாபுரி. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்று மத்தியானமே தாரணி வந்துவிட்டாள். வையாபுரி அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

“இருபத்தஞ்சு ஆயிருச்சு” என்றேன்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தனக்காக அழுகிறாள் என்று நினைத்தேன். “பாவமுங்க மேடம்” என்றாள். “இத்தனை பேருக்கு இருந்திருக்குது, எங்கிட்ட ஒருத்தனும் மூச்சு விடலையே. நானாச்சும் மாத்திரை போட்டேன். அவனுக அதுகூட இல்லாமக் கல்லு மண்ணுல கெடந்திருக்கறானுகளே. நான் என்ன முதலாளிங்க?”

வையாபுரி அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு, வெளியே நின்ற ஆட்களைப் பார்க்கப் போனாள்.

“என்ன காரியம்யா பண்ணினீங்க?” என்றேன்.

“நீங்கதானுங்களே சொன்னீங்க, அவனவன் ஒடம்புல இருக்கோணும்னு.”

“அதுக்காக?”

“நான் யாரையும் கட்டாயப்படுத்தி என்ற ரத்தத்தை ஏத்தலீங்க. வெவரத்தைச் சொன்னேன். அக்கா செத்துப்போகும்னு சொன்னேன். ஊசி வந்துட்டா எல்லாத்துக்கும் போயிரப் போகுதே, நாலு நாள் காய்ச்சல்னு நெனச்சுக்கறோம்னானுக. எங்க தெருவுல செல்வராசு மகனுக்கு ஒரே ஊசியில போயிருச்சில்லீங்களா?” பிறகு ஏதோ நான் சந்தேகப்பட்ட மாதிரி அவசரமாகச் சொன்னார்: “அதுக்கப்புறம் ஒருத்தனும் ஊட்டுக்குப் போகலீங்க. வண்டியிலயேதான் படுக்கை. பொண்டாட்டிகிட்ட ஒருத்தனும் போகலை. அந்த அளவுக்கு வெவரங் கெட்டவங்க இல்லீங்க நாங்க.”

நான் திரையைப் பார்த்தேன். அனுப்பு என்ற பொத்தான் மினுங்கிக்கொண்டிருந்தது. அனுப்பினால், இந்த வழி இனி எல்லா ஊருக்கும் பரவும். டெல்லிக்காரர் சொன்ன இருநூறு கிளையிலும் யாராவது ஒருவர் சட்டைக் கையை மடிப்பார். அனுப்பாவிட்டால் தாரணி சித்திரையைத் தாண்ட மாட்டாள், பதினாறு பேரும் அவள் பின்னாலேயே மாத்திரை இல்லாமல் போவார்கள். இதில் நான் எதைத் தேர்ந்தெடுத்ததாகச் சொல்வது? அனுப்பினேன்.

வையாபுரி நிம்மதியாக மூச்சு விட்டார். “எப்பங்க வரும் ஊசி? பங்குனி கடைசியில சபரிக்குக் கண்ணாலம். அதுக்குள்ள வந்துருமுங்களா?”

“மூணு வருஷம் ஆகும்.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார். “சி வகைக்கு ஆஸ்பத்திரியிலயே பொட்டி பொட்டியா வந்து கெடந்துச்சுங்களே?”

“அது செஞ்சு வச்சிருந்தது. உங்களுக்கு இனிமேதான் செய்யணும். செஞ்சு, உங்க இருபத்தஞ்சு பேருக்கும்தான் முதல்ல போட்டுப் பாப்பாங்க. தாரணிக்கு இது தெரியும்.”

“எனக்குத் தெரியாதுங்களே” என்றார். பெஞ்சில் உட்கார்ந்தார். அந்தப் பெரிய உடம்பு அப்படி ஒடுங்கி நான் பார்த்ததில்லை.

சபரியிடம் இன்றைக்கே சொல்லியாக வேண்டும். சொல்லாமல் அந்தப் பெண்ணின் கழுத்தில் தாலி ஏற விட முடியாது. யார் சொல்வது என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு சபரியே வந்தான். கையில் மஞ்சள் பை. வெளியே எங்கள் பெண்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். ஒரு பத்திரிகையை எடுத்து, மூலையில் மஞ்சள் தடவியிருக்கிறதா என்று சரிபார்த்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினான்.

“மேடம், வேலை அது இதுன்னு சொல்லப்படாதுங்க. கண்டிப்பா வந்துரோணும்.”

வையாபுரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து நின்று பத்திரிகையை வாங்கிக்கொண்டேன்.

“உக்காருப்பா” என்றேன்.